ஷ்ரோடர் செய்தது துரோகமா? ஹார்ட்ஸ் சட்டங்கள் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: "2025-ல் பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையில் கைவைக்கப் போய், சொந்த எம்.பி.க்களே எதிர்த்ததால் பின்வாங்கியது. ஜெர்மனியில் ஷ்ரோடர் பின்வாங்கவில்லை. நாடு நிமிர்ந்தது, கட்சி படுத்துவிட்டது. அப்படியானால் மிதவாத இடதுசாரிகள் நல அரசைத் தொடவே கூடாதா? தொட்டால் அது துரோகம்தானா?"

ஷ்ரோடர் 1998 முதல் 2005 வரை ஜெர்மனியின் சான்சலர், அதாவது பிரதமர். வேலையில்லாதோருக்கான உதவியை மாற்றியமைக்க அவர் அரசு கொண்டுவந்தவைதான் ஹார்ட்ஸ் சட்டங்கள். துரோகம் என்ற சொல்லை இப்போதைக்கு வாசலிலேயே விட்டுவிடுவோம். அது உள்ளே வந்துவிட்டால், ஜெர்மன் சீர்திருத்தத்தில் எது பலித்தது, எது புண்ணாக்கியது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நான் பார்த்தவரை ஷ்ரோடரின் கட்சியைச் சாய்த்ததற்கு உதவித்தொகை குறைந்தது பாதிக் காரணம்கூட இல்லை. முப்பது ஆண்டுகள் சந்தா கட்டிய தொழிலாளியை, சந்தாவே கட்டாதவரோடு ஒரே வரிசையில், ஒரே படிவத்தோடு நிற்க வைத்தார்களே, அதுதான் சாய்த்தது. இதைப் புரிந்துகொள்ள முதலில் பழைய வீடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மன் நல அரசு பிச்சையாகவோ இலவசமாகவோ தொடங்கியதல்ல. அது காப்பீடாகத் தொடங்கியது. பிஸ்மார்க் காலத்தில், 1883-ல் மருத்துவக் காப்பீடு, 1889-ல் முதுமை ஓய்வூதியம். வேலையின்மைக் காப்பீடு 1927-ல் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து சந்தா கட்டுவார்கள். வேலை போனால், வாங்கிய சம்பளத்தின் அளவுக்கேற்பப் பணம் வரும். 2004 வரை இந்த வீட்டுக்கு மூன்று தளங்கள் இருந்தன. மேல்தளத்தில் காப்பீட்டுப் படி: கைக்கு வந்த சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. வயதானவர்களுக்கு இது அதிகபட்சம் 32 மாதங்கள் வரை கிடைத்தது. அது தீர்ந்த பிறகு நடுத்தளம்: வரிப்பணத்திலிருந்து 53 அல்லது 57 சதவீதம், கால வரம்பே இல்லாமல். கீழ்த்தளத்தில் நகராட்சி தரும் சமூக உதவி. எதுவுமே இல்லாதவர்களுக்கான இடம் அது. நடுத்தளத்தில் இருந்தவர் ஆண்டுக்கணக்காக வேலையில்லாமல் இருந்தாலும் "நான் ஒரு வெல்டர், என் படி என் சம்பளத்திலிருந்து கணக்கிடப்படுகிறது" என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. கீழ்த்தளத்துக்கும் தனக்கும் இடையே ஒரு கூரை இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி.

1998-ல் சமூக ஜனநாயகக் கட்சி 40.9 சதவீத வாக்குகளோடு வென்று, பசுமைக் கட்சியோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தது. நாற்பது லட்சம் பேருக்கு வேலை இல்லை. ஷ்ரோடருக்கும், கட்சித் தலைவரும் நிதியமைச்சருமான ஆஸ்கர் லஃபோன்டேனுக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. 1999 மார்ச்சில் லஃபோன்டேன் இரண்டு பதவிகளையும் உதறிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து ஷ்ரோடரும் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேரும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிளேர் அதை 'மூன்றாவது பாதை' என்றார், ஷ்ரோடர் 'புதிய மையம்' என்றார். நல அரசு விழுந்தவரைத் தாங்கும் வலையாக மட்டும் இராமல், அவரை மறுபடி வேலைக்கு எறியும் கருவியாக இருக்க வேண்டும் என்பது சாரம். அறிக்கை வந்தது, கட்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், கொஞ்ச நாள் எதுவும் நடக்கவில்லை.

நடக்க வைத்தது ஒரு கணக்கு மோசடி. 2002 தொடக்கத்தில், மத்திய வேலைவாய்ப்பு அலுவலகம் தான் வேலை வாங்கிக் கொடுத்ததாகக் காட்டிய எண்ணிக்கையில் பெரும்பகுதி தவறானது என்று தணிக்கைத் துறை கண்டுபிடித்தது. தேர்தல் ஆண்டு வேறு. ஷ்ரோடர் உடனே 15 பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்து, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் பணியாளர் பிரிவு இயக்குநரான பீட்டர் ஹார்ட்ஸைத் தலைவராக்கினார். தொழிற்சங்கத்தாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பிற்பாடு பலரும் வசதியாக மறந்துவிட்ட விவரம் இது. ஆகஸ்டில் பெர்லினின் பிரெஞ்சு தேவாலயத்தில் விழாக் கோலத்தோடு அறிக்கை வெளியானது. மூன்றாண்டுகளில் இருபது லட்சம் பேரின் வேலையின்மையைத் தீர்ப்போம் என்றார் ஹார்ட்ஸ். (அவர் கதை வேறு விதமாக முடிந்தது. ஃபோக்ஸ்வாகன் ஊழியர் மன்றத் தலைவருக்குச் சலுகைகள் வழங்கிய வழக்கில், நிறுவனத்தின் நம்பிக்கையை மீறியதற்காக 2007-ல் தண்டனை பெற்றார். அவர் பெயர் மட்டும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது.)

2002 தேர்தலில் மயிரிழையில் வென்ற பிறகு, 2003 மார்ச் 14 அன்று நாடாளுமன்றத்தில் ஷ்ரோடர் 'அஜெண்டா 2010' உரையை ஆற்றினார். அரசு தரும் பலன்களைக் குறைக்க வேண்டியிருக்கும், ஒவ்வொருவரும் தம் பங்குக்குக் கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும் என்று நேராகவே சொன்னார். சட்டங்கள் நான்கு தவணையாக வந்தன. முதல் இரண்டில் தற்காலிக ஒப்பந்த வேலைக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தன, மாதம் 400 யூரோ வரை சம்பளம் தரும் 'மினி ஜாப்' என்ற சிறு வேலை வந்தது, சுயதொழில் தொடங்க மானியம் வந்தது. மூன்றாவது, அந்த மோசடி அலுவலகத்தையே பிரித்துக் கட்டியது. நான்காவது 2005 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. ஜெர்மானியர்கள் 'ஹார்ட்ஸ் நான்கு' என்று இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது அதைத்தான்.

அது நடுத்தளத்தை இடித்தது. அவ்வளவுதான், ஆனால் அதுவே எல்லாம். இன்னொரு சட்டத்தால் காப்பீட்டுப் படியும், 55 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 12 மாதம், அதற்கு மேலே 18 மாதம் எனச் சுருங்கியது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே தொகை: மேற்கு ஜெர்மனியில் மாதம் 345 யூரோ, கிழக்கில் 331, கூடவே வாடகையும் வீட்டை வெப்பமூட்டும் செலவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரூர் பகுதியில் ஓர் ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்குக் கைக்கு 1,800 யூரோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆலை மூடிய பிறகு, பழைய முறையில் முதலில் 1,080 யூரோ. அது தீர்ந்ததும் 954 யூரோ, ஓய்வூதியம் வரும் வரையிலும்கூட. புதிய முறையில் ஓராண்டு கழித்து 345 யூரோவும் வாடகையும். இறங்கும்போது வலிக்காமலிருக்க இரண்டாண்டுகளுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகை சேர்த்தார்கள். அதையும் 2011-ல் நிறுத்திவிட்டார்கள். மனைவி வேலைக்குப் போகிறார் என்றால் அவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 'உங்களுக்கு எதுவும் இல்லை' என்று சொல்லிவிடலாம். முன்பும் துணையின் வருமானத்தைப் பார்த்தார்கள்தான், ஆனால் தாராளமாகக் கழிவு கொடுத்துப் பார்த்தார்கள். இதில் கிழக்கு ஜெர்மனியின் பெண்களுக்கு விழுந்த அடி தனி. கம்யூனிச ஆட்சியில் வாழ்நாள் முழுக்கத் தம் சம்பளத்தில் நின்றவர்கள், கணவன் வேலையில் இருக்கிறான் என்பதால் தம் பெயரில் ஒரு காசும் இல்லாமல் ஆனார்கள். சேமிப்பையும் கணக்குக் காட்ட வேண்டும். விண்ணப்பம் 16 பக்கம். குழந்தையின் பெயரில் இருந்த வங்கிச் சேமிப்பைக்கூட எழுதச் சொன்னதும் 2004 கோடையில் நாடே கொதித்தது. அரசு அவசரமாகக் குழந்தைகளுக்கான விலக்கைத் திருத்தியது.

அந்த ஆகஸ்டில் மாக்டெபுர்க், லைப்சிக் போன்ற கிழக்கு நகரங்களில் திங்கள்கிழமை தோறும் ஊர்வலம் போனது. 1989-ல் கம்யூனிச அரசை எதிர்த்துப் போனதும் திங்கள்கிழமை ஊர்வலம்தான். அந்தப் பெயரையே சமூக ஜனநாயகவாதிகளுக்கு எதிராக எடுத்தது அரசுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டின் சொல்லாக மொழிச் சங்கம் 'ஹார்ட்ஸ் நான்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தது. ஐந்தாண்டுகளில் அது வினைச்சொல்லாகவும் மாறியது: 2009-ல் இளைஞர்களின் ஆண்டுச் சொல் 'ஹார்ட்சன்'. சும்மா சுற்றுவது என்று பொருள். உரிமையாக இருந்தது ஒரே தலைமுறைக்குள் வசைச் சொல்லாகிவிட்டது.

இடதுசாரி விமர்சகர்கள் அதிகம் பேசாத ஒன்றை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஷ்ரோடர் அரசின் வரிச் சீர்திருத்தங்களின்படி, உச்ச வருமான வரி 53 சதவீதத்திலிருந்து படிப்படியாக இறங்கி 42 சதவீதம் ஆனது. அந்தக் கடைசிப் படி இறங்கிய தேதியும் 2005 ஜனவரி 1. சதி ஒன்றும் இல்லை. இரண்டும் தனித்தனியே தீர்மானிக்கப்பட்டவை. ஆனால் 'எல்லோரும் கொஞ்சம் வயிற்றைக் கட்ட வேண்டும்' என்று மேடையில் சொல்லும் கட்சி, அதே புத்தாண்டு காலையில் பணக்காரருக்கு வரியைக் குறைத்துக் கொடுத்தால், கீழே இருப்பவர் காதில் அந்த 'எல்லோரும்' எப்படி விழும்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நகராட்சி உதவியில் கிடந்தவர்களில் பலருக்கு ஹார்ட்ஸ் நான்கு ஓரளவு நல்லதே செய்தது. அதுவரை வேலைவாய்ப்பு அலுவலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பயிற்சிக்கும் வேலை தேடித் தரும் சேவைக்கும் அவர்களுக்கும் கதவு திறந்தது, மருத்துவக் காப்பீட்டுக்குள்ளும் வந்தார்கள். 2005 ஜனவரியில் வேலையில்லாதோர் எண்ணிக்கை ஐம்பது லட்சத்தைத் தாண்டியதற்கும், இவர்களைப் புதிதாகக் கணக்கில் சேர்த்தது ஒரு காரணம். தலைப்புச் செய்திகள் அதைச் சொல்லவில்லை. 'ஐம்பது லட்சம்' என்பதே கட்சியின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. மே மாதம், 39 ஆண்டுகள் ஆண்ட நார்த் ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தை இழந்தது. செப்டம்பரில் ஷ்ரோடர் முன்கூட்டியே தேர்தல் நடத்தி ஒரு சதவீத வித்தியாசத்தில் தோற்றார். லஃபோன்டேன் அதிருப்தித் தொழிற்சங்கக்காரர்களோடு சேர்ந்தார். அவர்களும் கிழக்கின் பழைய கம்யூனிசக் கட்சியின் வாரிசுகளும் இணைந்து 2007-ல் 'இடது' கட்சி பிறந்தது. 2009-ல் சமூக ஜனநாயகக் கட்சி 23 சதவீதம்.

பொருளாதாரம் நிமிர்ந்ததா? நிமிர்ந்தது. 2005-ல் ஏறக்குறைய 49 லட்சமாக இருந்த வேலையின்மை 2019-ல் 23 லட்சத்துக்கும் கீழே வந்தது. ஆனால் இதில் ஹார்ட்ஸ் சட்டங்களின் பங்கு எவ்வளவு என்பதில் பொருளியலாளர்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நான்காவது சட்டத்தால் வேலையின்மை விகிதம் 0.1 புள்ளிகூடக் குறையவில்லை என்று ஓர் ஆய்வு சொல்கிறது. கிட்டத்தட்ட மூன்று புள்ளி குறைந்தது என்று இன்னொன்று சொல்கிறது. கிறிஸ்டியன் டுஸ்ட்மனும் உடனாசிரியர்களும் 2014-ல் எழுதிய கட்டுரை இன்னும் அடிப்படையான கேள்வியை எழுப்பியது. தொண்ணூறுகளின் நடுவிலேயே சங்கங்களும் நிறுவனங்களும் ஆலை அளவில் ஊதிய விட்டுக்கொடுப்புகளைப் பேசி முடிக்கத் தொடங்கிவிட்டன, போட்டித்திறன் திரும்பியது அதனால்தான், ஹார்ட்ஸ் பின்னால் வந்த பாத்திரம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் நியாயம் தெரிகிறது. அலுவலகத்தைச் சீரமைத்த மூன்றாவது சட்டத்தின் பலனை நான்காவதைவிட உயர்வாக மதிப்பிடும் ஆய்வும் இருக்கிறது. அதை எதிர்த்து யாரும் ஊர்வலம் போகவில்லை, அதன் பெயரும் யாருக்கும் நினைவில்லை. ஆளை மிரட்டாமல் அலுவலகத்தைத் திருத்துவதிலேயே கணிசமான பலன் இருந்திருக்கலாம் என்பது ஷ்ரோடர் ஆதரவாளர்களுக்குக் கசப்பான செய்தி.

வலதுசாரி விமர்சகர்களை விரைவாகக் கடந்துவிடலாம். அவர்களுக்கு இது போதாது என்பதைத் தவிரப் பெரிய வாதம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் கை இருந்தது. வேலையில்லாதவர் கிடைக்கும் எந்த வேலையையும் ஏற்க வேண்டும் என்ற ஹார்ட்ஸ் நான்கின் விதிக்கு, 'உள்ளூரில் வழக்கமான கூலிக்குக் குறையாமல்' என்ற வேலியை சமூக ஜனநாயகக் கட்சியின் இடது அணி போராடிச் சேர்த்திருந்தது. எதிர்க்கட்சி கையில் இருந்த மேலவையோடு 2003 டிசம்பரில் நடந்த சமரசப் பேச்சில் அந்த வேலி பிடுங்கப்பட்டது. சட்டத்தைக் கடுமையாக்கியதில் பங்கு எடுத்துக்கொண்டவர்கள், பழியில் பங்கு எடுக்கவில்லை. 2005 நவம்பரில், ஷ்ரோடரை வென்று சான்சலரான மெர்க்கல் தம் முதல் அரசாங்க உரையில் அஜெண்டா 2010-க்காக ஷ்ரோடருக்கு நன்றியே சொன்னார். எதிரி நன்றி சொல்லும்போது கட்சித் தொண்டனுக்கு எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

விமர்சகர்களிலேயே பலமானவர்கள் ஊர்வலத்தில் இல்லை; கார்ல்ஸ்ரூ நகரில் சிவப்பு அங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். 2010 பிப்ரவரியில் அரசமைப்பு நீதிமன்றம், உதவித்தொகையை அரசு கணக்கிட்ட விதம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மனித கண்ணியம் என்ற முதல் சரத்தும் சமூக அரசு என்ற இருபதாம் சரத்தும் சேர்ந்து, உயிர் வாழத் தேவையானதோடு சமூக வாழ்வில் குறைந்தபட்சமாகவேனும் பங்கெடுக்கத் தேவையானதையும் ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கின்றன என்றது. 2012-ல் இதே அளவுகோலை எடுத்து, அகதி விண்ணப்பதாரர்களுக்கு 1993-லிருந்து உயர்த்தப்படாத உதவித்தொகை வெளிப்படையாகவே போதாது என்றது. குடியேற்றக் கொள்கைக்காக மனித கண்ணியத்தைக் குறைக்க முடியாது என்று ஒரு வரியில் முடித்தது. எண்பதுகளில் ஜெர்மனி போய் முகாம்களில் காத்திருந்த ஈழத் தமிழர்கள் இந்தத் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலும் அந்தக் கட்டத்தைக் கடந்திருந்தார்கள். ஆனால் அந்த வரியின் அருமை அவர்களுக்குப் புரியும். 2019 நவம்பரில் மூன்றாவது அடி: வேலையை மறுத்தவரின் உதவித்தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது, அன்றிருந்த வடிவில், செல்லாது. அதுவரை 60 சதவீதம், ஏன், முழுவதுமே பிடித்தம் செய்ய முடிந்தது.

இப்போது பிரிட்டனுக்கு வருகிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம். ஷ்ரோடர் ஆளைக் குறைந்த கூலி வேலைக்குத் தள்ளினார்; கூலிக்குத் தரை போடவில்லை. சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் ஜெர்மனியில் 2015-ல்தான் வந்தது, மணிக்கு 8.50 யூரோ. பத்தாண்டு தாமதம். இதற்கு ஷ்ரோடரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது: ஊதியம் பேசுவது எங்கள் வேலை, அரசு தலையிடக் கூடாது என்று பெரிய தொழிற்சங்கங்கள் சிலவே அன்று எதிர்த்தன. பிளேரும் அவருடைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுனும் வரிசையை மாற்றிப் போட்டார்கள். தனியார்மயமான பொதுச்சேவை நிறுவனங்களின் எதிர்பாராத லாபத்தின் மேல் ஒருமுறை வரி விதித்து, 1998-ல் இளைஞர்களுக்கான வேலைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு குறைந்தபட்ச ஊதியம். பிறகு குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கு வரித்துறை வழியாகவே பணம். குழந்தைகளின் வறுமை கணிசமாகக் குறைந்தது.

இங்கும் குறை உண்டு. குறைந்த கூலி கொடுக்கும் முதலாளிக்கு அரசு மானியம் கொடுப்பது போல ஆகிறதே என்று இடதுபக்கம் கேட்டார்கள். பிளேர் தாமே அமைச்சராக்கிய ஃபிராங்க் ஃபீல்ட், வருமானம் பார்த்துத் தரும் உதவி சேமிப்பையும் நேர்மையையும் தண்டிக்கிறது என்று வாதிட்டு, 1998-லேயே வெளியேறினார். 2003-ல் வந்த வரிச்சலுகை முறையில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கூடுதலாகப் பணம் போய், பின்பு திருப்பிக் கேட்டு நோட்டீஸ் போனது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. கொடுத்ததைச் சத்தமில்லாமல் கொடுத்தார்கள். வாங்கியவருக்கே அது தொழிற்கட்சி கொடுத்தது என்று தோன்றவில்லை. அதனால் 2010-க்குப் பிறகு கன்சர்வேட்டிவ் கட்சி தலைமையிலான அரசுகள் அதைச் செதுக்கியெடுத்தபோது, ஷ்ரோடருக்கு எதிராக எழுந்த சத்தத்தில் பாதிகூட எழவில்லை. ஜெர்மனியில் வலி வெளிச்சத்தில் நடந்தது, பிரிட்டனில் வரம் இருட்டில் நடந்தது.

டென்மார்க்கைக் காட்டாமல் யாரும் இந்தப் பேச்சை முடிப்பதில்லை. எளிதாக வேலையைவிட்டு நீக்கலாம். ஆனால் குறைந்த சம்பளக்காரருக்குப் பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை படி கிடைக்கும், கூடவே கட்டாயப் பயிற்சி. தொண்ணூறுகளில் சமூக ஜனநாயகப் பிரதமர் பவுல் நீரூப் ராஸ்முஸன் இதை ஒழுங்குபடுத்தினார். நல்ல முறைதான், ஆனால் மலிவான முறை இல்லை. பல நாட்டுத் தலைவர்கள் டேனிஷ் முதலாளியின் சுதந்திரத்தை மட்டும் நகலெடுத்துவிட்டு, டேனிஷ் வரியை எல்லையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

சமூக ஜனநாயகக் கட்சி தன் தவற்றைத் திருத்தப் பதினெட்டு ஆண்டுகள் எடுத்தது. 2023 ஜனவரியில் ஹார்ட்ஸ் நான்கு போய், 'குடிமக்கள் படி' வந்தது: மாதம் 502 யூரோ, மறு ஆண்டு 563. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் பெயரை மாற்றினார்கள், தொகையைக் கூட்டினார்கள், பிடித்தத்தைத் தளர்த்தினார்கள். இடித்த நடுத்தளத்தை மட்டும் திரும்பக் கட்டவில்லை. வெல்டர் இன்னும் அதே வரிசையில்தான். இப்போது குறைந்த சம்பளத்தில் உழைப்பவர், 'நான் எதற்கு விடியலில் எழுந்து போகிறேன்' என்று கேட்க, அந்தக் கோபத்தை வலதுசாரிகள் அறுவடை செய்தார்கள். 2025 தேர்தலில் கட்சி 16.4 சதவீதத்துக்கு இறங்கியது. தேர்தலில் வென்ற வலதுசாரித் தலைவர் மெர்ட்ஸின் தலைமையிலான கூட்டணி ஒப்பந்தத்தில் குடிமக்கள் படியைக் கைவிடவும் ஒப்புக்கொண்டது. 2008-ல் 58 வயதைத் தாண்டியவருக்குக் காப்பீட்டுப் படியை 24 மாதமாக நீட்டினார்களே, அதுதான் இத்தனை ஆண்டுகளில் வெல்டரின் பழைய மனக்குறையைத் தொட்ட ஒரே திருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ஆக, தொடலாமா என்று கேட்டால், தொடலாம். அலுவலகத்தைத் தொடலாம், பயிற்சியைத் தொடலாம், கூலிக்குத் தரை போட்ட பிறகு வேலை மறுப்பவரிடம் கேள்வியும் கேட்கலாம். உழைத்த ஆண்டுகளுக்கு மதிப்பில்லை என்று சட்டத்தில் எழுதக் கூடாது. பிரிட்டனில் தொழிற்கட்சியின் ஸ்டார்மர் அரசு 2025-ல் செய்யப் பார்த்தது இன்னும் விசித்திரம். ஊனத்தால் ஏற்படும் கூடுதல் செலவை ஈடுகட்டும் அந்தத் தொகை, வேலையில் இருப்பவருக்கும் கிடைப்பது. அதை வெட்டிவிட்டு, வேலைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அந்தப் பணத்தால்தான் சிலர் வேலைக்கே போய்வர முடிகிறது என்று அவர்களுடைய எம்.பி.க்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஜூலை 1 அன்று விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் எழுந்து அந்தப் பிரிவை விலக்கிக்கொண்டார். அப்படியும் ஆளுங்கட்சியில் 49 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 1997 டிசம்பரில் தனித்து வாழும் பெற்றோரின் உதவித்தொகையை பிளேர் வெட்டியபோது எதிர்த்த தொழிற்கட்சியினர் 47 பேர். அன்று அவர்கள் வாக்கெடுப்பில் தோற்றார்கள். அடுத்த மார்ச்சில் பிரவுன் தம் வரவு செலவுத் திட்டத்தில் குழந்தைப் படியை உயர்த்தினார்.